இரத்ததானத்தில் தெரியவந்த ஹெபடைட்டிஸ் பி: மகனுக்கு எச்.ஐ.வி.யும் பார்க்க வேண்டுமா?

கேள்வி:

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுக்கிறேன். மகனுக்கு 18 வயது முடிந்துவிட்டது. ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறான். டவுனில் நடந்த இரத்ததான முகாமில் இரத்தம் கொடுத்தான். கொஞ்ச நாளில் இரத்த வங்கியில் கூப்பிட்டு, ஹெபடைட்டிஸ் பி இருக்கிறது என்று சொல்லி, பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு கொடுத்திருக்கிறார்கள். 5 மாதத்துக்கு முன், கொழும்பில் கடை வேலை செய்யும் மூன்று கூட்டாளிமாரோடு சேர்ந்து, ஒரே ஊசியால் கையில் பச்சை குத்திக்கொண்டான். "இதுவும் எயிட்ஸும் ஒன்றுதான், ஒன்று வந்தால் மற்றதும் வரும்" என்கிறார்கள் லயத்தில். நான் அவனுக்குத் தட்டு, கோப்பையெல்லாம் பிரித்து வைத்துவிட்டேன். கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறேன். அவனுக்குக் கீழே 15 வயதில் ஒரு மகள் இருக்கிறாள். எச்.ஐ.வி.யும் பார்க்க வேண்டுமா? எங்களுக்கும் தொற்றியிருக்குமா? கல்யாணம், வெளிநாட்டு வேலை எதுவும் அவனுக்கு இனிக் கிடையாதா?

ஒரு தாய்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பிரித்து வைத்த தட்டையும் கோப்பையையும் இன்றைக்கே மற்றப் பாத்திரங்களோடு சேர்த்து வையுங்கள். ஹெபடைட்டிஸ் பி சாப்பாட்டாலோ, தண்ணீராலோ, ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிப்பதாலோ, ஒரே பாயில் படுப்பதாலோ, இருமலாலோ, நுளம்பாலோ பரவாது. மழைக்காலத்தில் தோட்டங்களில் பலருக்கும் ஒரேயடியாக வருகிற செங்கமாரி பெரும்பாலும் ஹெபடைட்டிஸ் ஏ. அது வேறு கிருமி, அழுக்கான தண்ணீரால் வருவது. இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பல வீடுகளில் பிள்ளைகளை ஒதுக்கி வைக்கிறார்கள். அந்த ஒதுக்கல் யாரையும் காப்பாற்றுவதில்லை. பிள்ளை கிளினிக்குக்குப் போகாமல் இருக்க மட்டும் அது காரணமாகிறது.

கீழாநெல்லியையும் நிறுத்துங்கள். அது இந்த வைரஸை இரத்தத்திலிருந்து நீக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கைவைத்தியச் சரக்குகள் சில ஈரலைத் தாக்கி, ஈரல் பாதிப்பைக் காட்டும் ஏ.எல்.டி. என்ற இரத்த அளவைக் கூட்டிவிடும். மகனுக்கு மருந்து வேண்டுமா, வேண்டாமா என்று தீர்மானிக்க வைத்தியர் பார்க்கும் முக்கிய அளவுகளில் அதுவும் ஒன்று. அது வைரஸால் கூடியதா, கஷாயத்தால் கூடியதா என்று தெரியாமல் போனால் பல மாதம் வீணாகும். இதுவரை கொடுத்ததை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

எச்.ஐ.வி. பார்க்க வேண்டுமா என்றால், ஆம், கட்டாயம் பார்க்க வேண்டும். லயத்தில் சொல்வது போல ஒன்று வந்தால் மற்றது வரும் என்பதற்காக அல்ல. இரண்டும் வெவ்வேறு வைரஸ்கள். எச்.ஐ.வி. உடலின் எதிர்ப்புச் சக்திக் கலங்களை அழிக்கிறது, ஹெபடைட்டிஸ் பி ஈரலில் தங்குகிறது. ஒன்று மற்றதாக மாறாது. ஆனால் இரண்டும் உடலுக்குள் வரும் வழிகள் ஒன்றே: இரத்தம், பாதுகாப்பில்லாத உடலுறவு, தாயிடமிருந்து குழந்தைக்கு. நான்கு பேர் ஒரே ஊசியால் பச்சை குத்தியதில் அந்த முதல் வழி திறந்திருந்தது.

மருந்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் காரணம் இன்னும் வலுவானது. ஹெபடைட்டிஸ் பிக்குக் கொடுக்கும் முக்கிய மாத்திரை டெனோஃபொவிர். எச்.ஐ.வி.க்குக் கொடுக்கும் கூட்டு மாத்திரையிலும் அதே டெனோஃபொவிர் இருக்கிறது, கூடவே லமிவுடினும் டொலுடெக்ராவிரும். எச்.ஐ.வி. இருப்பது தெரியாமல் ஒருவருக்கு டெனோஃபொவிரை மட்டும் தனியாகக் கொடுத்தால், எச்.ஐ.வி. அந்த மருந்துக்குப் பழகி, பிறகு அதற்கு அடங்காது. அதனால் எச்.ஐ.வி. முடிவு கைக்கு வரும்வரை ஹெபடைட்டிஸ் பி மருந்தைத் தொடங்கக் கூடாது. மறுபக்கமாக, எச்.ஐ.வி. உள்ள ஒருவருக்கு ஹெபடைட்டிஸ் பியும் இருந்தால் ஈரல் சீக்கிரம் கெடும். அப்படிப்பட்டவர் தானாக மாத்திரையை நிறுத்தினால், அடங்கியிருந்த ஹெபடைட்டிஸ் பி சில வாரங்களிலோ மாதங்களிலோ பொங்கி எழுந்து ஈரலைச் செயலிழக்கச் செய்யலாம். ஒரு தொற்று தெரிந்தால் மற்றதையும் பார்ப்பது மருத்துவ ஒழுங்கு. மகனின் நடத்தை மீதான சந்தேகம் அதில் இல்லை. இதை அவனிடம் இப்படியே சொல்லுங்கள்.

இரத்த வங்கி எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ் ஆகியவற்றையும் பார்த்துத்தான் இரத்தத்தை ஏற்கும். எச்.ஐ.வி. பற்றி எதுவும் சொல்லவில்லை என்பதால் அது இல்லாதிருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் ஊகத்தில் விட வேண்டாம். தொற்று நடந்து 3 மாதம் கடந்துவிட்டால் விரல் நுனியில் குத்திப் பார்க்கும் சாதாரணப் பரிசோதனையே உறுதியான விடை தரும். எதிர்ப்புப் பொருளோடு வைரஸின் புரதத்தையும் சேர்த்துப் பார்க்கும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை என்றால் 6 வாரம் போதும். பச்சை குத்தி 5 மாதம் ஆகிவிட்டது. ஆகவே இப்போது பார்த்து "இல்லை" என்று வந்தால், அந்த ஊசியால் வரவில்லை என்று நிம்மதியாக இருக்கலாம். அதற்குப் பிறகு வேறு ஏதும் நடந்திருந்தால் மட்டும் கணக்கு அந்த நாளிலிருந்து மறுபடி தொடங்கும். எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பார்ப்பதற்காக யாரும் இரத்ததானம் செய்யக் கூடாது. தொற்றிய முதல் நாட்களில் கருவிக்கும் அகப்படாத ஒரு இடைவெளி உண்டு, அந்த இரத்தம் இன்னொரு நோயாளிக்கு ஏறிவிடும். உங்கள் மகன் இனி இரத்தம் கொடுக்கக் கூடாது. முகாமில் யாராவது வற்புறுத்தினால், "எனக்கு முடியாது என்று இரத்த வங்கியில் சொல்லியிருக்கிறார்கள்" என்றால் போதும்.

பரிசோதனைக்கு நுவரெலியா, கண்டி, பதுளை, மாத்தளை, இரத்தினபுரி ஆகிய இடங்களின் பெரியாஸ்பத்திரிகளோடு சேர்ந்த பாலியல் நோய் கிளினிக்குகள் இருக்கின்றன. துண்டு தேவையில்லை, பணமும் இல்லை, விபரம் வெளியே போகாது. பக்கத்து ஊர்க்காரர் பார்த்துவிடுவார் என்ற பயம் இருந்தால் நுவரெலியாவுக்குப் பதில் கண்டிக்குப் போகலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். நீங்கள் வாசல்வரை போங்கள். உள்ளே அவனைத் தனியாக அனுப்புங்கள். உடலுறவு, போதைப்பொருள், ஊசி என்று வைத்தியர் கேட்கும் கேள்விகளுக்குத் தாய் பக்கத்தில் இருக்கும்போது 18 வயதுப் பையன் உண்மை சொல்லமாட்டான். சொல்லாமல் விட்டதற்கு ஏற்ற பரிசோதனையும் செய்யப்படாது. பெரியவர் யாராவது அவனைச் சின்ன வயதில் துன்புறுத்தியிருந்தாலும் அங்கே சொல்ல முடியும். இதை வாசிக்கும் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை யாருக்காவது அப்படி நடந்திருந்தால், 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

அந்த மூன்று கூட்டாளிமாரை மறக்க வேண்டாம். தொற்று உங்கள் மகனிடமிருந்து அவர்களுக்குப் போயிருக்கலாம், அவர்களில் ஒருவரிடமிருந்து இவனுக்கும் வந்திருக்கலாம். ஒரு தொலைபேசி அழைப்பில் மகனே சொல்லட்டும்: "அந்த ஊசியால ஹெபடைட்டிஸ் பி வந்திருக்கலாம், எச்.ஐ.வி.யும் சேர்த்துப் பார்த்திடுங்க." கொழும்பிலும் இதே இலவசக் கிளினிக் இருக்கிறது. பரிசோதனையில் ஹெபடைட்டிஸ் பி இல்லை, எதிர்ப்புச் சக்தியும் இல்லை என்று வந்தவர் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். இதே போன்ற விபத்து நேற்றோ முந்தாநாளோ நடந்தவர்களுக்கு வழி வேறு. எச்.ஐ.வி.க்குத் தடுப்பு மாத்திரையை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 28 நாள் விழுங்க வேண்டும், எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை முடிந்தால் 24 மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு நடந்ததற்குத் திங்கட்கிழமை கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போய்விடுங்கள்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. மகனுக்கு இது பச்சை குத்தியதால்தான் வந்தது என்று முடிவு செய்துவிட்டீர்கள். அது அவ்வளவு நிச்சயம் இல்லை. ஆரோக்கியமாக வளர்ந்த ஒருவருக்கு இந்த வைரஸ் புதிதாகத் தொற்றினால், 100 பேரில் 95 பேருக்கு மேல் 6 மாதத்துக்குள் உடலே அதை வென்றுவிடும். பிறக்கும்போது தொற்றினால் கதை தலைகீழ்: 100 குழந்தைகளில் சுமார் 90 பேருக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடும், பல வருடம் எந்த அறிகுறியும் காட்டாது. ஆகவே 6 மாதம் கடந்தும் மகனின் இரத்தத்தில் வைரஸ் இருந்தால், அது குழந்தைப் பருவத்திலிருந்தே இருந்திருக்க வாய்ப்பு அதிகம். அதனால் நீங்களும், கணவரும், மகளும் பரிசோதிக்கப்பட வேண்டும். யார் மேல் குற்றம் என்று தேடுவதற்காக அல்ல. உங்களுக்கும் அமைதியாக இருந்தால் உங்கள் ஈரலையும் பார்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா?

"சின்ன வயதில் தடுப்பூசி போட்டேனே" என்பீர்கள். நம் நாட்டில் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 2003இலிருந்து படிப்படியாகக் குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டது, 2, 4, 6 மாதங்களில். 2008இலிருந்து அது ஐந்து நோய்க்கான ஒரே ஊசிக்குள் வந்தது. தாய்க்குத் தொற்று இருந்தால் பிரசவ நேரத்திலேயே வைரஸ் குழந்தைக்குப் போயிருக்கும், 2 மாதத்தில் போடும் ஊசி அதற்குப் பிந்திவிடும். எச்.ஐ.வி. விஷயத்தில் நிலைமை எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. கர்ப்பிணிகளைப் பரிசோதித்து மாத்திரை கொடுத்ததால், தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2019 டிசம்பரில் சான்றளித்தது. ஹெபடைட்டிஸ் பிக்கும் அப்படித்தான் வழி: தாயை முன்கூட்டிப் பரிசோதித்து, தொற்று இருந்தால் குழந்தை பிறந்த 12 மணித்தியாலத்துக்குள் தடுப்பூசியும், ஆயத்த எதிர்ப்புச் சக்தி தரும் இம்யூனோகுளோபியூலின் ஊசியும் போடுவது. உங்கள் மகள் ஒருநாள் தாயாகும்போது இது தெரிந்திருக்க வேண்டும்.

மகளுக்கும் உங்களுக்கும் கணவருக்கும் மூன்று பரிசோதனைகள் கேளுங்கள்: எச்.பி.எஸ்.ஏ.ஜி., அன்ரி எச்.பி.எஸ்., அன்ரி எச்.பி.சி. முதலாவது "பொசிட்டிவ்" என்றால் வைரஸ் இப்போது உடலில் இருக்கிறது. முதலாவது "நெகட்டிவ்", இரண்டாவது 10 அலகு அல்லது அதற்கு மேல் என்றால் பாதுகாப்பு இருக்கிறது. அதோடு மூன்றாவதும் பொசிட்டிவ் என்றால், எப்போதோ தொற்றி உடல் தானாக வென்றிருக்கிறது, ஊசி தேவையில்லை. முன்பு ஊசி போடாதவருக்கு மூன்றும் நெகட்டிவ் என்றால் உடல் இந்த வைரஸைச் சந்தித்ததே இல்லை, உடனே தடுப்பூசி தொடங்க வேண்டும்: முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. இரண்டு ஊசியோடு நிறுத்துவதுதான் இங்கே அதிகம் நடக்கும் பிழை. இடையில் நாள் தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போடலாம். மகள் குழந்தையில் மூன்று ஊசியும் போட்டிருந்தால், 15 வயதில் அளவு 10க்குக் கீழே இறங்கியிருப்பது சாதாரணம். உடலின் ஞாபகம் அப்படியே இருக்கும். வீட்டிலேயே தொற்றுள்ளவர் இருப்பதால் வைத்தியர் ஒரு ஊசி கூட்டிப் போடச் சொல்லலாம். தடுப்பூசி அட்டை தொலைந்திருந்தால் உங்கள் பிரிவின் குடும்பநல உத்தியோகத்தரிடம் பழைய பதிவு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியது இரத்தம் ஒன்றைத்தான். ஷேவிங் பிளேட், பல் தூரிகை, நகவெட்டி, தோடு, மூக்குத்தி ஆகியவை ஆளுக்கொன்று. காய்ந்த இரத்தத்திலும் இந்த வைரஸ் 7 நாள்வரை உயிரோடு இருக்கும். எச்.ஐ.வி. அவ்வளவு தாங்காது. தொற்றுள்ள இரத்தம் பட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம், எச்.ஐ.வி. என்றால் சுமார் 0.3 சதவீதம். மலையில் இதற்கென்று சில இடங்கள் இருக்கின்றன. கவ்வாத்துக் கத்தி கைமாறும்போது கை வெட்டுப்பட்டால், கத்தியைக் கழுவித் துடைத்த பிறகே அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். அட்டை கடித்தால் இரத்தம் நெடுநேரம் கசியும், அந்தக் காயத்தை அவனே துடைத்து பிளாஸ்டர் போட்டு மூடட்டும். சலூனில் ஒவ்வொருவருக்கும் புது பிளேட் மாற்றச் சொல்லி நின்று பாருங்கள். நிலத்தில் இரத்தம் சிந்தினால் கையில் ஒரு ஷொப்பிங் பையை மாட்டிக்கொண்டு, பழந்துணியால் ஒற்றி எடுத்து, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி 10 நிமிடம் விட்டுத் துடையுங்கள். துணிகளைச் சேர்த்தே துவைக்கலாம். கிரிக்கெட், கரப்பந்து எதையும் தடுக்க வேண்டாம்.

மகனின் கிளினிக்கில் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் எச்.பி.எஸ்.ஏ.ஜி.யை மறுபடி பார்ப்பார்கள். அண்மையில் வந்ததா என்று அறிய அன்ரி எச்.பி.சி. ஐ.ஜி.எம். உதவும். ஏ.எல்.டி., இரத்தத் தட்டுகளின் எண்ணிக்கை, வைரஸ் அளவைக் காட்டும் டி.என்.ஏ., சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், ஈரலுக்கு ஸ்கேன் ஆகியவை கேட்கப்படலாம். முதல் முடிவிலிருந்து 6 மாதம் கழித்து எச்.பி.எஸ்.ஏ.ஜி. மீண்டும் பார்க்கப்படும். அப்போதும் இருந்தால்தான் நாட்பட்ட தொற்று என்று பெயர். இந்த வயதில் பலருக்கு டி.என்.ஏ. மிக அதிகமாகவும் ஏ.எல்.டி. சாதாரணமாகவும் இருக்கும். உடல் இன்னும் வைரஸோடு சண்டையைத் தொடங்கவில்லை என்பது அதன் பொருள். இவர்களுக்கு உடனே மாத்திரை கொடுக்காமல் 6 மாதத்துக்கு ஒருமுறை பார்த்து வருவதும் வழக்கம். "மருந்தே தரவில்லை, கைவிட்டுவிட்டார்கள்" என்று நினைத்துக் கிளினிக்கை விட்டுவிடுவதுதான் ஆபத்து. உலக சுகாதார நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி, 12 வயது கடந்தவர்களில் டி.என்.ஏ. 2,000 அலகுக்கு மேலும் ஏ.எல்.டி. சாதாரண அளவுக்கு மேலும் இருந்தாலோ, ஈரலில் தழும்பு விழுந்திருந்தாலோ, எச்.ஐ.வி. சேர்ந்திருந்தாலோ, குடும்பத்தில் ஈரல் புற்றுநோயோ சுருக்கமோ இருந்தாலோ மருந்து தொடங்கலாம். டெனோஃபொவிர் என்றால் நாளுக்கு 300 மி.கி. மாத்திரை ஒன்று, வருடக்கணக்கில், வைத்தியரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. உங்கள் குடும்பத்தில் யாராவது வயிறு வீங்கி, இரத்த வாந்தி எடுத்து இறந்திருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். "குடியால் போனார்" என்று நாம் விட்டுவிட்ட சில சாவுகளுக்குப் பின்னால் இந்த வைரஸும் இருந்திருக்கலாம்.

கசிப்பு, சாராயம், பியர் எதுவும் அவனுக்கு ஆகாது. பனடோல் என்றால் அளவோடு, இரண்டு மூன்று பெயர்களில் இருக்கும் காய்ச்சல் மாத்திரைகளைச் சேர்த்துப் போடக் கூடாது. கண் மஞ்சளாகி வாந்தி நிற்காமல் போனாலோ, பேச்சுத் தடுமாறினாலோ, அளவுக்கு மீறித் தூங்கினாலோ, வயிறு வீங்கினாலோ, கறுப்பாக மலம் போனாலோ கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேருங்கள்.

கல்யாணம் தாராளமாகச் செய்யலாம். பெண்ணுக்கு முன்னரே சொல்ல வேண்டும், அவள் பரிசோதித்து மூன்று ஊசியும் முடித்து, கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து அன்ரி எச்.பி.எஸ். 10க்கு மேல் வந்திருப்பதைப் பார்க்க வேண்டும். அதுவரை ஆணுறை. மூன்று ஊசிக்கு 6 மாதம் பிடிப்பதால் நிச்சயதார்த்தத்தோடு ஊசியையும் தொடங்குவது சரியாக இருக்கும். எச்.ஐ.வி. இருப்பதாக வந்தாலும் வாழ்க்கை முடிந்துவிடாது. தினமும் மாத்திரை எடுத்து வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி அப்படியே நின்றால், உடலுறவு மூலம் துணைக்கு எச்.ஐ.வி. தொற்றாது.

வெளிநாடு பற்றி மட்டும் ஒளிக்காமல் சொல்கிறேன். வளைகுடா நாடுகளுக்கான மருத்துவப் பரிசோதனையில் எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் பியும் பார்ப்பார்கள், பொசிட்டிவ் என்றால் திருப்பிவிடுவார்கள். "றிப்போட்டை மாற்றித் தருகிறேன்" என்று பணம் கேட்கும் ஏஜன்ட்மாருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள், அங்கே இறங்கியதும் மறுபடி பரிசோதிப்பார்கள். உள்ளூரில் படிக்கவும், தொழில் பழகவும், கடையிலோ அலுவலகத்திலோ வேலை செய்யவும் இது தடையில்லை, முதலாளியிடம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

கிளினிக்குக்குப் போகும்போது இரத்த வங்கித் துண்டு, இரண்டு பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகள், வீட்டில் கொடுத்த கஷாயம், மாத்திரைகளின் பெயர்கள், பச்சை குத்திய திகதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு இந்த வாரமே போகலாம். மகளுக்கு ஊசி தேவை என்று வந்தால் முதல் ஊசி அவளுடைய முடிவு வந்த அன்றே போடப்படட்டும், மீதி ஊசி இருந்தால் அதற்கான நாட்களை அங்கேயே எழுதி வாங்குங்கள்.